புள்ளி எழுத்தில் சொன்ன கலியாணம்

இப்போது கல்முனை பஸ்களின் நெற்றியில் ஊர்ப் பெயர்கள் சிவப்புப் புள்ளிகளாக ஓடுகின்றன. மருந்துக் கடை வாசலில் பச்சைப் புள்ளிகள். என் பேரப்பிள்ளைகளுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. எனக்கு மட்டும் அந்த எழுத்தைக் கண்டால் முகம் சூடாகிவிடும். என் கலியாணத்துக்கு ஊரைக் கூப்பிட்டது அந்த எழுத்தில்தான். கூப்பிட்டோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஊர் அப்படி நினைக்கவில்லை.

என் தம்பி கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் பக்கத்துக்கு வந்த புதிது. கையில் கட்டும் மணிக்கூட்டில் முள் இல்லாமல் இலக்கம் மட்டும் மின்னுவதைப் பார்க்க, சவூதியிலிருந்து லீவில் வந்தவர்களைச் சுற்றிப் பொடியன்கள் நின்ற காலம். கொழும்பில் ஒரு கட்டடத்தின் உச்சியில் மின்குமிழ்களால் எழுத்து ஓடுவதைத் தம்பி கண்டிருக்கிறான். எல்லாம் ஆங்கில எழுத்து. தமிழில் அப்படி ஒன்று இல்லையே என்பது அவனுக்குப் பெரிய மனக்குறை. மற்றப் பொடியன்களுக்குக் காதல் வந்தது போல இவனுக்கு இது வந்தது.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது கட்டம் போட்ட கொப்பி ஒன்றையும் ஒரு போத்தல் கறுப்பு மையையும் கொண்டுவந்தான். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, அந்த நுனியை மையில் தோய்த்துக் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்தான். உயரத்துக்கு ஏழு கட்டம், அதுதான் அவனுடைய சட்டம். ட, ப, ம எல்லாம் பிறக்கும்போதே கட்டத்துக்குள் பிறந்தவை, ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தன. இ-யும் ஞ-வும் அவனைப் படாத பாடு படுத்தின. ண-வுக்கு அகலம் போதவில்லை. எங்கள் ஊர் கல்முனையின் பெயரில் வரும் னை, அந்த நாளில் தும்பிக்கை சுருட்டித்தான் எழுதுவோம், அது எந்தக் கட்டத்துக்கும் அடங்காமல் நின்றது. எழுத்தே புள்ளியாக இருக்கும்போது ல்-இன் தலையில் உள்ள புள்ளியை எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாள் யோசித்தான். பிறகு மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் நடுவில் வெறுமையாக, சின்ன வளையமாக வைத்தான். வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடிவந்து என் கண்ணுக்கு முன்னால் கொப்பியை நீட்டினான்.

"ராத்தா, கிட்ட வெச்சிப் பாக்காதங்க. தள்ளி நிண்டு பாருங்க."

தள்ளி நின்று பார்த்தேன். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எழுத்தாகி நின்றன. எனக்குப் புல்லரித்துப் போனது. அன்றிலிருந்து தீக்குச்சி நானும் பிடித்தேன். அவன் கோடு வைப்பான், நான் புள்ளி வைப்பேன்.

முதலில் வாப்பாவின் புடவைக் கடைப் பைக்குப் போட்டோம். கல்முனைச் சந்தையில் கீரை வாங்கும் பெண் கையிலும் அந்தப் பை தொங்கியது. பிறகு உதைபந்தாட்டக் கழகத்தின் பெனியனில் முதுகுப் பக்கம் போட்டார்கள். கடற்கரையில் அவர்கள் விளையாடும்போது மறுகோடியில் நின்றாலும் பெயரை வாசிக்கலாம். ரேடியோ திருத்துகிற கடைக்காரர் தன் பலகையை அந்த எழுத்தில் எழுதுவித்தார். அதுதான் எல்லாவற்றிலும் பொருத்தம். அந்தக் கடைக்கு வேறெந்த எழுத்தும் சரிவராது என்று இன்றைக்கும் சொல்வேன். தம்பி அப்போதே விளக்கமாகச் சொல்வான்: இந்த எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், சொல் குறைவாக இருக்க வேண்டும், ஆள் தூரத்தில் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெறும் புள்ளிதான் மிஞ்சும். இவ்வளவும் தெரிந்தவன்தான் என் கலியாண அழைப்பிதழையும், நாங்கள் காட் என்போம், செய்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயரே கலியாணம் சொல்வது. ஆண்களுக்கு ஆண்கள் போய்ச் சொல்வார்கள், பெண்களுக்குப் பெண்கள். இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். போன இடத்தில் உட்கார வேண்டும், வெற்றிலை போட வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எழும்பும்போதுதான், "இன்ன நாள் மகள்ர கலியாணம், நீங்கதான் வந்து நிண்டு செய்யோணும்" என்று சொல்ல வேண்டும். காட் அடிப்பதும் உண்டு. அது தூரத்து ஆட்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும். தெருவில் உள்ளவர்களுக்குக் காட் கொடுத்தாலும் அதைக் கொடுக்கிற வாய் முக்கியம். கலியாண நாள் எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரிவது வேறு, சொல்லக் கேட்பது வேறு.

அந்த வருஷம் மாரி மழை எங்களை வீட்டோடு கட்டிப் போட்டது. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். வயல் பக்கம் அணைக்கட்டு உடைந்து, பொத்துவில் பாதையும் அறுந்து, அங்கிருந்த உம்மாவின் கூடப்பிறந்தவர்கள் வரமாட்டார்கள் என்று ஆகிவிட்டது. உம்மாவுக்குத் தண்ணீரில் கால் வைத்தால் வீங்கும். வாப்பா கடைக்குள் வந்த வெள்ளத்தில் நனைந்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில்தான் தம்பி கொழும்பிலிருந்து காட் கட்டோடு வந்து இறங்கினான்.

கடும் நீல மட்டையில் வெள்ளி மை. மேலிருந்து கீழ்வரை புள்ளி எழுத்து. பெயர், நாள், நேரம், இடம், துஆ, இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயர், எல்லாமே புள்ளி. மழை வெளிச்சத்தில் அது மினுங்கியது. அவ்வளவு அழகான காட்டை எங்கள் ஊர் கண்டதில்லை. என் பெயர் அதில் வெள்ளியாக நிற்பதைப் பார்த்து எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"தபால்ல போட்டாப் போதும்," என்றான் தம்பி. "கொழும்புல எல்லாரும் இப்பிடித்தான். தண்ணிக்க ஏன் ஊடு ஊடா அலையிற?"

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு மரியாதையான காட் போகக்குள்ள, மறுகா வாயால என்னத்தச் சொல்ற?" என்றார். உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் வீங்கின காலுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்குப் பார்த்து அது மூடிக்கொண்டது.

காட்கள் தபாலில் போயின. எதிர் வீட்டுக்கும் தபாலில்தான் போனது. எங்கள் படலையைத் திறந்து பத்து அடி வைத்தால் எதிர் வீட்டுப் படலை. அந்தக் காட் கல்முனைத் தபால் கந்தோருக்குப் போய், முத்திரை குத்துப்பட்டு, தபால்காரர் தண்ணீருக்குள் உருட்டி வந்த சைக்கிளில் ஏறி, அதே ஒழுங்கைக்குத் திரும்பி வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, சிரிக்கத்தான் முடியவில்லை.

எதிர் வீட்டில் இருந்தவர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. ஆனாலும் சாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சாச்சியின் கணவர் சவூதியில் லொறி ஓட்டினார். பிள்ளை குட்டி இல்லாத சாச்சிக்கு நான்தான் பிள்ளை. எனக்கு முதல் சட்டை தைத்தது சாச்சி, தலை வாரிப் பின்னிவிட்டது சாச்சி. என் கலியாணம் பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் குசினியில்தான் இருப்பார். வட்டிலப்பத்துக்கு எத்தனை தேங்காய் என்று உம்மாவோடு சண்டை பிடிப்பார். காட் போன பிறகு அவர் வரவில்லை. தண்ணீர் வற்றிய பிறகும் வரவில்லை. தடிமன் காய்ச்சலாக்கும் என்று உம்மா சொன்னார். கலியாணப் பெண் வெளியே இறங்கக்கூடாது என்பதால் நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

கலியாண நாள் வெயில் நன்றாக எறித்தது. முற்றத்தில் பந்தல், பந்தலுக்குள் பாய் விரித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சகன்கள் அடுக்கியிருந்தன. முதலில் காரைதீவிலிருந்து தம்பியோடு படித்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களோடு வந்த, பட்டுச் சேலை உடுத்த தமிழ் டீச்சர்மார் காட்டைக் கையிலேயே கொண்டுவந்து, "எவ்வளவு வடிவான காட்" என்று என்னிடம் காட்டினார்கள். பிறகு கொழும்பிலிருந்து அச்சகத்து ஆட்கள். பிறகு வாப்பாவோடு வியாபாரம் செய்கிறவர்கள். பிறகு யாரும் வரவில்லை.

தெருவில் உள்ளவர்கள் எங்கேயும் போகவில்லை. எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு, தங்கள் தங்கள் படலையடியில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபத்தோடு நிற்கவில்லை, அதுதான் கொடுமை. ரயிலுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். பின் வீட்டு மாமி யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது.

"தபால்ல கூப்பிட்டவங்களுக்குத் தபால்லதான் போகோணும். முத்திரை ஒட்டிட்டு வாறன், நில்லுங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. உம்மாவுக்கு எனக்கு முன்னாலேயே விளங்கியிருந்தது. அடுக்கிவைத்த சகன்களுக்குப் பக்கத்தில் அவர் ஒன்றும் செய்யாமல் நின்றார். டீச்சர்மார் உட்கார்ந்த சகனில் மூன்று பேர்தான். மற்ற மூவரின் இடம் வெறும் பாயாகக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து குடியிருப்பார். அசர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பைத் பாடும் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டது. மாப்பிள்ளை படலையைத் தாண்டும்போது பெண் வீட்டுப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட வேண்டும். குரவை இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்த மாப்பிள்ளையும் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர்மாருக்கு எங்கள் வீட்டில் குரவையை யார் போட வேண்டும் என்று தெரியாது, மாப்பிள்ளையைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பைத் நின்றது. மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் வாசலைப் பார்த்தார். நான் என் கைகளில் இட்டிருந்த மருதோன்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று அல்லாஹ்விடம் உண்மையாகவே கேட்டேன்.

அப்போது குரவை கேட்டது. ஒரே ஒரு தொண்டை. எங்கள் வீட்டிலிருந்து அல்ல. எதிர்ப் படலைக்குள் நின்று, ஒழுங்கையில் ஓர் அடியும் வைக்காமல், சாச்சி குரவை போட்டார். மூச்சு விட்டு மறுபடியும் போட்டார். மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

நிக்காஹ் முடிந்ததும் உம்மா வெற்றிலை வட்டாவைத் தூக்கினார். செருப்பும் போடாமல், வீங்கின காலோடு, ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து ஏறி இறங்கினார். "பிழை பொறுத்து வாங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சிலர் உடனே வந்தார்கள். சிலர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கி வாறம்" என்றார்கள். என் தம்பி பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தீக்குச்சியை நானும்தானே பிடித்தேன். சாச்சி வீட்டுப் படலை அப்போது மூடியிருந்தது. உம்மா தட்டினார், கூப்பிட்டார், திரும்பி வந்தார்.

கலியாணம் முடிந்த புதுப்பெண் உடனே வெளியே இறங்க மாட்டாள். நான் மூன்றாம் நாளே இறங்கினேன். ஊர் கதைத்தால் கதைக்கட்டும் என்று தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். சாச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு உள்ளே போய், நீலக் காட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். உறை உடைக்காமலே இருந்தது.

"காயிதம் வந்தா வாசிக்கிறது நீதானே. வருவாய் எண்டு வெச்சிரிந்தன்."

சாச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியாத விஷயமா? அவருடைய கணவர் சவூதி போன நாளிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துக் காட்டியது நான்தான். பதில் எழுதியதும் நான்தான். அந்த வீட்டுக்குப் புள்ளி எழுத்தில் ஒரு காட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். உறையில் அவருடைய பெயரை எழுதியதே என் கை.

"அப்ப ஏன் சாச்சி அண்டைக்கிக் குரவை போட்டீங்க?"

"குரவை ஊட்டுக்கா புள்ள? அது உனக்கு."

நிலத்தில் உட்கார்ந்து உறையை உடைத்தேன். "வாசி," என்றார். வாசித்தேன். கண்ணில் நீர் நின்றதால் புள்ளிகள் எல்லாம் கலங்கி ஓடின. நானே வைத்த எழுத்தை நானே எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டியிருந்தது. நாள் வாசித்தேன், நேரம் வாசித்தேன். தங்கள் குடும்பத்தோடு வருகை தந்து மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம் என்று, முடிந்துபோன கலியாணத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். சவூதிக் கடிதம் வாசிக்கும்போது கேட்பது போலவே, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். கடைசியில் துஆவுக்கு ஆமீன் சொன்னார்.

"நல்லா எழுதிரிக்கான் தம்பி," என்றார். "ஓம், சொல்லிட்டாய். வாறன்."

சொன்னபடி அன்று பகலே வந்தார். நல்ல சேலை உடுத்து வந்தார். உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாச்சி எங்கள் குசினியில் உட்கார்ந்து சோறும் ஆணமும் சாப்பிட்டார், என் மாப்பிள்ளைக்கு துஆ செய்தார், வட்டிலப்பம் இறுகிப்போனது என்று உம்மாவைக் குறை சொன்னார். எல்லாம் தீர்ந்தது என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். தம்பி கூட அன்றுதான் தலை நிமிர்ந்து சாப்பிட்டான். அந்த எழுத்தை அவன் பிறகு எந்தக் காட்டுக்கும் போடவில்லை. கடைப் பலகைக்கும் பெனியனுக்கும் மட்டும் வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதமோ அதற்கு அடுத்த மாதமோ சவூதிக் கடிதம் வந்தது. தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டு நான் படலையடிக்கு வந்தேன். சாச்சி கடிதத்தை வாங்கினார். என்னைக் கண்டு சிரித்தார், சாப்பிட்டாச்சா என்று கேட்டார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இப்போது கூப்பிடுவார் என்று நின்றேன். அவர் குடையை விரித்தார். பின் வீட்டு மாமியின் மகள் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டை நோக்கி நடந்தார்.

ஓடிப்போய், நான் வாசிக்கிறேன் சாச்சி, தாங்க என்று கேட்டிருக்கலாம்தான். என்னைக் கூப்பிடவில்லையே. நான் படலைக்கு உள்ளேயே நின்றேன்.